கேபினட்டைத் திறங்க, பார்க்கலாம்: இந்த மாதம் கிராபிக்ஸ் கார்டு

சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குக் காசு வந்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். மற்ற மாதங்களில் பிரின்டரில் பேப்பர் சிக்குகிறது, விண்டோஸ் மெதுவாக ஓடுகிறது என்று எழுதுவார்கள். இந்த மாதம் பாதிக்கு மேல் ஒரே சங்கதி: புதிதாக கிராபிக்ஸ் கார்டு வாங்கினோம், மாட்டினோம், ஓடவில்லை. மன்னார்குடியில் என் கடை மேஜைக்கு ‘கார்டு செத்துப்போச்சு’ என்று வருகிறவற்றில் பெரும்பாலானவை உயிரோடு நன்றாக இருக்கும் கார்டுகள்தான். கேபிள், எஸ்எம்பிஎஸ் (கேபினட்டுக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி), வீட்டு வயரிங் இவற்றில் ஏதோ ஒன்று காலை வாரியிருக்கும். விற்ற கடைக்காரரிடம் சண்டைக்குக் கிளம்புவதாக இருந்தால் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அக்கா, பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஆர்எக்ஸ் 6600 வாங்கி நானே மாட்டினேன். சிபியு ஃபேன் சுற்றுகிறது, கார்டு ஃபேனும் ஒரு தடவை சுற்றி நிற்கிறது. மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’. இதற்கு முன் கார்டு எதுவும் போட்டதில்லை. ராத்திரி தூக்கமே வரவில்லை.
கல்லூரி மாணவர், நீடாமங்கலம்

முதலில் தூங்குங்கள் தம்பி, அப்புறம் கேபினட்டின் பின்பக்கம் பாருங்கள். மானிட்டர் கேபிளை எங்கே செருகியிருக்கிறீர்கள்? மதர்போர்டின் எச்டிஎம்ஐ மேலே, யுஎஸ்பி, லேன் போர்ட்டுகளோடு சேர்ந்து இருக்கும். கார்டின் எச்டிஎம்ஐ அதற்குக் கீழே, தனிப் பட்டையில் படுக்கைவாட்டில் இருக்கும். இத்தனை நாள் மேலே செருகிய பழக்கத்தில் கை அங்கேயே போயிருக்கலாம். கார்டு மாட்டியதும் பல போர்டுகள் தம் சொந்த டிஸ்ப்ளேயைத் தாமாகவே அணைத்துவிடும், அதனால்தான் ‘நோ சிக்னல்’. இப்படி நடந்திருந்தால் நல்ல சேதிதான். போர்டு கார்டைக் கண்டுகொண்டது என்று அர்த்தம். கேபிளைக் கீழே மாற்றினால் வேலை முடிந்தது.

கேபிள் சரியான இடத்தில்தான் இருக்கிறது என்றால் அடுத்தது பவர். உங்கள் கார்டு 132 வாட் கேட்கும். மதர்போர்டில் கார்டு உட்காரும் ஸ்லாட் வழியாக அதிகபட்சம் 75 வாட்தான் வரும். மீதிக்காகத்தான் கார்டின் விளிம்பில் 8 பின் சாக்கெட் வைத்திருக்கிறார்கள். அதற்கு 6+2 என்று பிரிந்து, ‘பிசிஐ-இ’ என்று எழுதியிருக்கும் வயரைச் செருக வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸில் இன்னொரு 8 பின் வயர் 4+4 ஆகப் பிரியும், அது பிராசசருக்கு. இரண்டும் பார்க்க ஒன்றுதான், ஆனால் உள்ளே பிளஸ் மைனஸ் நேர் எதிர். பின்களின் வடிவம் வேறு என்பதால் சாதாரணமாக நுழையாது. நுழையாததைக் கட்டைவிரலால் அழுத்தி நுழைத்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு.

இந்த இரண்டும் சரி என்றால் என் சந்தேகம் கேபினட் மேல் போகும். விலை குறைந்த கேபினட்டில் பின்பக்கத் தகடு மெலிசாக, கொஞ்சம் கோணலாக இருக்கும். கார்டின் இரும்புப் பட்டைக்குக் கீழ்முனையில் ஒரு சின்ன நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும், பாருங்கள். அது மதர்போர்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் இருக்கும் சந்தில் இறங்க வேண்டும். இறங்காமல் போர்டின் ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றால், நீங்கள் ஸ்குரூவை முறுக்க முறுக்க பட்டைப் பக்கம் இழுபட்டு, கார்டின் மறுமுனை மயிரிழை எழும்பிவிடும். பார்வைக்குக் கார்டு உட்கார்ந்த மாதிரியே இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டைத் தரையில் படுக்கவையுங்கள். ஸ்குரூவைக் கழற்றி, கார்டை எடுத்து, நாக்கு சந்தில் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே மறுபடி வையுங்கள். இரண்டு முனையையும் சமமாக அழுத்தினால் ஸ்லாட்டின் பூட்டு ‘டக்’ என்று விழும். தங்கநிறப் பல்வரிசை ஒரு முனையில் மட்டும் தெரிந்தால் இன்னும் உட்காரவில்லை. ஸ்குரூ போடும்போது திரும்பவும் எழும்பினால் குறடால் அந்த நாக்கைத் துளி வளைத்துவிடுங்கள்.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால் கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டு டிஸ்ப்ளேயில் ஆன் செய்யுங்கள். அது வந்தால் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் ஓடும் மதர்போர்டின் சொந்த மென்பொருளில், முதல் டிஸ்ப்ளே எது என்ற இடத்தில் பிசிஐ-இ-யைத் தேர்ந்தெடுத்து, சேமித்து, கார்டைப் போடுங்கள். அதற்கும் வராவிட்டால் கார்டை நண்பர் யாருடைய கம்ப்யூட்டரிலாவது போட்டுப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

புது கார்டு போட்டதிலிருந்து படம் நன்றாக வருகிறது, ஆனால் ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. சவுண்ட் கார்டையும் சேர்த்துக் கெடுத்துவிட்டானா?
வாசகர், கூத்தாநல்லூர்

யாரும் எதையும் கெடுக்கவில்லை. கார்டின் எச்டிஎம்ஐ வழியாக ஒலியும் போகும். டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், போட்டதும் விண்டோஸ் ஒலியை மானிட்டருக்குத் திருப்பிவிட்டது, உங்கள் மானிட்டரில் ஸ்பீக்கர் இருக்காது. திரையின் வலது கீழ் மூலையில் ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, பழைய ‘ரியல்டெக்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

மேடம், கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ஐ5 10400 பிராசசர். ஆர்டிஎக்ஸ் 3060 போட்டேன். எடிட் செய்யும்போது ஒன்றும் இல்லை. எக்ஸ்போர்ட் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் பட்டென்று அணைந்து, தானே திரும்ப ஆன் ஆகிறது. சாயங்காலம்தான் அதிகம். கடையில் ‘விண்டோஸ் மாத்துங்க’ என்றார்கள், மாற்றியும் பார்த்தாச்சு. எஸ்எம்பிஎஸ் 450 வாட், யுபிஎஸ் 600 விஏ. தை முகூர்த்த வேலையெல்லாம் தேங்கிக் கிடக்கிறது. பெண்வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் மாறி மாறி போன் செய்கிறார்கள்.
ஸ்டூடியோ உரிமையாளர், கும்பகோணம்

நீலத்திரை வராமல், எழுத்து எதுவும் காட்டாமல் பட்டென்று அணைகிறது என்றால் விண்டோஸ் பக்கம் போகவே வேண்டாம். ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ என்று சிவப்பில் இருக்கும், அதைப் பார்த்தும் மிரள வேண்டாம். ஒழுங்காக அணைக்காமல் மின்சாரம் போய்விட்டது என்பதற்கு மேல் அதில் சங்கதி இல்லை.

நீங்கள் அனுப்பிய படங்களில் எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கர் தெளிவாக விழுந்திருக்கிறது, நல்ல காரியம் செய்தீர்கள். மேலே கொட்டை எழுத்தில் 450 வாட். கீழே கட்டம் போட்ட பட்டியலில் +12வி என்ற பத்தியைப் பாருங்கள்: 16 ஆம்ப். 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192 வாட். பிராசசரும் கார்டும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டில்தான். மேலே எழுதிய 450 என்பது 3.3, 5 வோல்ட் எல்லாவற்றையும் தாராளமாகக் கூட்டிப் போட்ட விலாசம். உங்கள் கார்டு மட்டும் 170 வாட். பிராசசர் ஏட்டளவில் 65, முழு வேகத்தில் 100-ஐத் தாண்டும். எடிட் செய்யும்போது கார்டு பெரிதாக எதுவும் கேட்காது, ஆகவே ஓடுகிறது. எக்ஸ்போர்ட் கொடுத்ததும் இரண்டும் ஒரே நேரத்தில் வாயைத் திறக்கின்றன.

இன்னொரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கார்டின் 8 பின்னுக்கு பழைய ஹார்ட் டிஸ்க் பவர் வயர் இரண்டை இணைக்கும் கன்வெர்டர் போட்டிருக்கிறார்கள். அந்த வெள்ளை பிளாஸ்டிக்கில் மஞ்சள் வயர் நுழையும் ஓட்டை பழுப்பேறியிருக்கிறது. சூடு ஏறித்தான் அந்த நிறம் வரும். இன்றைக்கே கழற்றுங்கள். எக்ஸ்போர்ட் நின்றால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம், அது உருகினால் கார்டின் சாக்கெட்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

சாயங்காலம் ஏன் அதிகம்? தெருவில் எல்லார் வீட்டிலும் ஏசியும் மிக்சியும் ஓடும் நேரம் அது. டிரான்ஸ்பார்மரிலிருந்து கடைசி இணைப்பு உங்களுடையது என்றால், மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருகிற மாதிரிதான் வோல்டேஜும் வந்து சேரும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180, 190. அப்போது யுபிஎஸ் பேட்டரிக்குத் தாவும். 600 விஏ என்று எழுதிய வீட்டு யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கம்ப்யூட்டரோடு மானிட்டர், வெளி ஹார்ட் டிஸ்க், இன்டர்நெட் மோடம் எல்லாம் அதில் தொங்கினால் கையைத் தூக்கிவிடும்.

என்ன வாங்குவது? இந்தக் கார்டுக்கு என்விடியா சொல்வதே 550 வாட் எஸ்எம்பிஎஸ். ஸ்டிக்கரில் +12வி பத்தியில் 40 ஆம்புக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்து, மின்சாரத்தை வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் முத்திரை உள்ளதாக வாங்குங்கள். கார்டுக்குப் போட்ட காசில் சின்னப் பங்குதான் ஆகும். யுபிஎஸ் 1000 விஏ-வாவது வேண்டும். ஒரு விஷயம் கவனம்: நல்ல எஸ்எம்பிஎஸ்களில் ‘ஆக்டிவ் பிஎஃப்சி’ என்று, மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று ஒன்று இருக்கும். சில மலிவு யுபிஎஸ்கள் பேட்டரியில் ஓடும்போது கொடுக்கும் சதுர அலை அதற்கு ஒத்துவராது, கரண்ட் போன அதே நொடியில் கம்ப்யூட்டரும் அணைந்துவிடும். யுபிஎஸ் வாங்கும்போது கேபினட்டையும் கடைக்குத் தூக்கிப்போய், ஏதாவது கனமாக ஓடவிட்டு, சுவர் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை.

புது எஸ்எம்பிஎஸ் வரும்வரை கார்டைக் கழற்றிவிட்டு, மதர்போர்டு டிஸ்ப்ளேயிலேயே எக்ஸ்போர்ட் கொடுங்கள். ராத்திரி முழுக்க ஓடட்டும், மெதுவாக ஆனாலும் முடியும். பெண்வீட்டு வீடியோவை முதலில் கொடுத்துவிடுங்கள், பொறுமை குறைவாக இருப்பது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்.

கார்டின் ஃபேன் சுற்றவே மாட்டேன் என்கிறது. கேம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் சுற்றுகிறது. மாற்றிக் கேட்கலாமா?
வாசகர், பட்டுக்கோட்டை

வேண்டாம். இப்போது வரும் பல கார்டுகளில் சூடு 50, 60 டிகிரியைத் தொடும்வரை ஃபேன் நின்றேதான் இருக்கும். சத்தமும் தூசியும் குறையட்டும் என்று அப்படி வைத்திருக்கிறார்கள். 80 டிகிரி தாண்டியும் சுற்றவில்லை என்றால் எழுதுங்கள்.

அன்புள்ள மகளுக்கு, நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன். 2012-இல் வாங்கிய மேசைக் கணினி இன்றும் பழுதின்றி இயங்குகிறது. விடுமுறைக்கு வரும் பேரனுக்காக இணையத்தில் ஒரு புதிய கிராபிக்ஸ் கார்டு தருவித்தேன். பொருத்தியபின் திரையில் ஏதும் தோன்றவில்லை. ஒரு நீண்ட ஒலியும் இரு குறுகிய ஒலிகளும் கேட்கின்றன. பழையபடி அதைக் கழற்றினால் கணினி இயங்குகிறது. பொருளைத் திருப்பியனுப்ப இன்னும் நான்கு நாள்கள் உள்ளன.
வாசகர், மயிலாடுதுறை

ஐயா, வணக்கம். ஒலியைக் கவனித்து எழுதியதற்கு நன்றி, பாதி வேலை அதிலேயே முடிந்தது. ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் அந்தக்கால போர்டுகள் பலவற்றில் ‘டிஸ்ப்ளே கார்டோடு பேச முடியவில்லை’ என்று பொருள். கார்டை ஒருமுறை கழற்றி அழுத்தமாகப் பொருத்திப் பாருங்கள். அதே ஒலி வந்தால் தலைமுறை இடைவெளிதான் காரணம். உங்கள் போர்டு வந்த சமயத்தில்தான் பழைய பயாஸ் போய் யுஇஎஃப்ஐ என்ற புது முறை நுழைந்துகொண்டிருந்தது. இன்றைய கார்டுகள் அந்தப் புது முறையை எதிர்பார்க்கின்றன. பழைய பயாஸில் சில எழும், சில எழாது. மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலுக்குப் புதிய பயாஸ் இருந்தால் ஏற்றிப் பார்க்கலாம். ஆனால் ஏற்றும்போது மின்சாரம் போனால் போர்டே போய்விடும். ஓடிக்கொண்டிருக்கும் கணினியை வைத்து அந்தச் சூதாட்டம் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

நான்கு நாள் இருக்கிறதல்லவா, திருப்பி அனுப்பிவிடுங்கள். பேரன் என்ன விளையாடுகிறான் என்று கேட்டுப் பாருங்கள். இன்றைய பெரிய விளையாட்டுகள் என்றால் 2012 பிராசசருக்கு எந்தக் கார்டு போட்டாலும் மூச்சு வாங்கும். பழைய விளையாட்டுகள் என்றால் ஜிடி 1030 மாதிரி சின்னக் கார்டு போதும். 30 வாட்தான், தனி பவர் வயரே வேண்டாம். வாங்குமுன் கேபினட் ஒல்லி ரகமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒல்லி கேபினட்டுக்குப் பட்டை சுமார் 8 சென்டிமீட்டர் உள்ள ‘லோ புரொஃபைல்’ கார்டுதான் நுழையும். சாதாரணக் கார்டின் பட்டை 12 சென்டிமீட்டர்.

அக்கா, பையனுக்கு கிராபிக்ஸ் கார்டு போட்டு, ஹாலில் இருக்கும் டிவியில் எச்டிஎம்ஐ கொடுத்தோம். அன்றிலிருந்து கேபினட்டைத் தொட்டால் ஜிவ்வென்று இழுக்கிறது. கேபிளைச் செருகும்போது ஒருதடவை சின்னப் பொறி பறந்தது. கார்டு லீக் ஆகிறது, மாற்றிவிடுங்கள் என்கிறார் என் வீட்டுக்காரர்.
வாசகி, திருவாரூர்

அண்ணனிடம் சொல்லுங்கள், கார்டு பாவம். உங்கள் வீட்டில் எர்த் இல்லை. முன்பும் இப்படித்தான் இருந்திருக்கும், இப்போது கார்டு மாட்டியபின் பையன் அடிக்கடி கேபினட்டைத் தொடுவதால் தெரியவந்திருக்கிறது.

எல்லா எஸ்எம்பிஎஸ்ஸிலும் உள்ளே வரும் இடத்தில் இரைச்சலை வடிகட்ட சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கும். பேஸிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று, இரண்டும் கேபினட் இரும்பில் போய்ச் சேரும். எர்த் வயர் இருந்தால் அந்தத் துளி மின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிடும். எர்த் இல்லையென்றால் கேபினட் முழுக்க வரும் வோல்டேஜில் பாதியில், 115 வோல்ட் பக்கத்தில், மிதந்துகொண்டிருக்கும். டெஸ்டர் வைத்தால் எரியும். மின்னோட்டம் மில்லிஆம்புக்கும் கீழே என்பதால் ஜிவ்வென்று இழுப்பதோடு நிற்கிறது. டிவியோ கேபிள்காரர் வயர் வழியாக வேறெங்கோ எர்த் ஆகியிருக்கும். இந்த இரண்டையும் எச்டிஎம்ஐ வயரால் சேர்க்கிறீர்கள், பொறி பறக்காமல் என்ன செய்யும்? அந்தப் பொறி கார்டின் எச்டிஎம்ஐ போர்ட்டைச் சாகடிக்கும், சில சமயம் டிவியினுடையதையும். எர்த் சரியாகும்வரை டிவி, செட்டாப் பாக்ஸ், கம்ப்யூட்டர் மூன்றின் பிளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் அந்தக் கேபிளைத் தொட வேண்டும்.

எர்த் எங்கே விட்டிருக்கிறது என்பதைத் தேடுவது சுலபம். கேபினட் பவர் வயரின் மூன்றாவது பின் முழுசாக இருக்கிறதா? இரண்டு ஓட்டை ஜங்ஷன் பாக்ஸில் நுழையவில்லை என்று பெரிய பின்னை அறுத்து எடுத்த வயர்கள் நம் ஊரில் ஏராளம். வயர் சரி என்றால் சுவர் பிளக் பாயிண்ட். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை இருக்கும், பின்னால் இரண்டு வயர்தான் வந்திருக்கும். அதுவும் சரி என்றால் கொல்லையில் இருக்கும் எர்த் குழி. நம் பக்கத்தில் வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் எர்த் பிரமாதமாக இருக்கும். தாளடியும் முடிந்து வயல் பாளம் பாளமாக வெடிக்கும்போது குழியும் காய்ந்துவிடும். கரியும் உப்பும் போட்ட குழியில் கோடையில் வாரத்துக்கு ஒருதடவை ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்வது இதற்காகத்தான்.

சோதனையை எலெக்ட்ரீஷியனே செய்யட்டும். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 இருந்தால் பேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரு வோல்ட்தான் இருக்கலாம். மீட்டரில் 230 காட்டியதும் ‘எர்த் நல்லாருக்கு’ என்று கிளம்பிவிடுவார், விடாதீர்கள். மயிர் மாதிரி மெல்லிய தொடர்பு இருந்தாலே மீட்டர் 230 காட்டிவிடும். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்ப் போட்டு, அது பளிச்சென்று எரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் ஈஎல்சிபி (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச்) இருந்தால் அது விழுந்துவிடும், விழுந்தால் அதுவும் நல்ல அறிகுறிதான். சில பேர் எர்த் பின்னை நியூட்ரலோடு முடிச்சுப் போட்டு ‘இனிமே இழுக்காது’ என்பார்கள். இழுக்காது. என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் கேபினட் முழுக்க 230 வோல்ட் நிற்கும். பையன் கை வைக்கும் பொருள், அப்படி மட்டும் செய்யவிடாதீர்கள்.

டிரைவர் போடப் போட ‘இன்ஸ்டலேஷன் ஃபெயில்டு’ என்றே வருகிறது. டிவைஸ் மேனேஜரில் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று இருக்கிறது, எழுத்தெல்லாம் யானை சைஸ். நடுவில் ஒருதடவை கரண்ட் போனது.
வாசகர், பாபநாசம்

கரண்ட் போன அன்று டிரைவர் அரைகுறையாக ஏறி நிற்கிறது. அதன்மேல் எத்தனை தடவை போட்டாலும் நிற்காது. ‘டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்’ என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு, கடைகளில் டிடியு என்போம். முதலில் புது டிரைவரை என்விடியா அல்லது ஏஎம்டி தளத்திலிருந்து முழுசாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கணக்கான எம்பி இருக்கும், போன் ஹாட்ஸ்பாட்டில் இறக்குவதாக இருந்தால் அன்றைய டேட்டா மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் நெட்டைத் துண்டியுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் துடைக்கத் துடைக்க விண்டோஸ் தானாக ஒன்றைக் கொண்டுவந்து போடும். சேஃப் மோடில் (விண்டோஸ் அத்தியாவசியமானதை மட்டும் ஏற்றிக்கொண்டு ஓடும் முறை) போய் டிடியுவை ஓட்டி, ரீஸ்டார்ட் செய்து, இறக்கி வைத்ததைப் போடுங்கள். பெட்டியோடு வந்த சிடியைத் தொட வேண்டாம், அதில் இருப்பது கார்டு தயாரான நாளின் டிரைவர்.

எல்லாம் செய்தும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் ‘கோட் 43’-ம் நின்றால், வேறொரு கம்ப்யூட்டரில் கார்டைப் போட்டுப் பாருங்கள். அங்கேயும் 43 என்றால் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். செகண்ட் ஹேண்டாக வாங்கியிருந்தால் சுரங்கத் தொழிலுக்கு, அதாவது கிரிப்டோ மைனிங்குக்கு, யாரோ பயாஸை மாற்றி எழுதிய கார்டாகவும் இருக்கலாம்.

அக்கா, நான் பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருள் கற்றுக்கொள்கிறேன். சென்னையிலிருந்து பழைய ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் வாங்கினோம். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. இப்போது திரையில் பச்சையும் ரோஸுமாகக் கோடு கோடாக வருகிறது, சில நாள் வருவதில்லை. எங்கள் வீடு கடற்கரைப் பக்கம்.
மாணவி, வேதாரண்யம்

கோடு எப்போது வருகிறது என்று பார்த்தீர்களா தங்கச்சி? ஆன் செய்ததும் கம்பெனி பெயர் வரும் திரையிலேயே, பயாஸ் திரையிலேயே வந்தால் வன்பொருள் கோளாறு. விண்டோஸ் ஏறிய பிறகு மட்டும் வந்தால் மேலே பாபநாசத்துக்காரருக்குச் சொன்ன டிடியு வைத்தியத்தை முதலில் செய்யுங்கள். இன்னொன்று: கோடு இருக்கும்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதைப் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். போனில் கோடு இல்லை என்றால் பெரும்பாலும் கேபிள், மானிட்டர் அல்லது கார்டின் வெளியீட்டுப் பக்கம். போனிலும் கோடு தெரிந்தால் கார்டின் மெமரி மேல் சந்தேகம் போகும்.

சில நாள் வருகிறது, சில நாள் இல்லை என்பதால் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது. உங்கள் ஊர் உப்பளக் காற்று ஜன்னல் கம்பியையே விடுவதில்லை, கார்டின் பல்வரிசையை விடுமா? உப்பு படிந்த இடம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பனி அதிகமான காலையில் கோடு வந்து, மத்தியானம் சரியாகிறதா என்று குறித்து வையுங்கள். அப்படி என்றால் கார்டைக் கழற்றி, தங்கநிறப் பற்களைச் சாய்வாக வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மங்கலாகவோ பச்சையாகவோ புள்ளி இருந்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹால், 99 சதவீதம், பஞ்சு ஒட்டாத துணியில் நனைத்து ஒரே திசையில் துடையுங்கள். போகாத கறைக்கு மட்டும் மெத்தென்ற வெள்ளை ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகள் இல்லாமல் திரும்ப ஆல்கஹாலில் துடையுங்கள். மெருகு மெல்லியது, அடிக்கடி ரப்பர் போட்டால் தேய்ந்துவிடும். ஸ்லாட்டுக்குள் துணி, குச்சி எதையும் விடாமல் ப்ளோயர் மட்டும் அடியுங்கள். சானிட்டைசர், சென்ட் இவையெல்லாம் ஆல்கஹால் தானே என்று ஊற்றிவிடாதீர்கள். அதில் தண்ணீரும் பிசினும் வாசனையும் இருக்கும்.

துடைத்தும் பயாஸ் திரையில் கோடு நின்றால் கார்டின் மெமரி சிப் போயிருக்கிறது. அதை மாற்ற, சிப்பைச் சூடாக்கிக் கழற்றி ஒட்டும் பிஜிஏ மெஷின் வைத்திருக்கும் கடைக்குத்தான் போக வேண்டும். மெமரியை மாற்றாமல் சூடு மட்டும் காட்டி ‘சரியாகிவிட்டது’ என்று தருகிறவர்கள் உண்டு, அது கொஞ்ச நாளைக்குத்தான் வரும். என்ன செய்யப்போகிறார்கள் என்று முதலில் கேட்டுவிட்டுக் கார்டைக் கொடுங்கள்.

ஆன்லைனில் பாதி விலைக்கு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி கிடைத்தது. டிஸ்ப்ளே வருகிறது. ஆனால் என் நண்பனின் 1050 டிஐ-யில் ஓடும் கேம் இதில் திணறுகிறது, டிரைவரும் ஏறவில்லை. டிரைவரைக் குறை சொல்வதா, கார்டையா?
பிளஸ் டூ மாணவர், வலங்கைமான்

விற்றவரை. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை இறக்கி ஓட்டுங்கள். கார்டின் பெயருக்கு முன்னால் ‘ஃபேக்’ என்று காட்டினால் விஷயம் முடிந்தது. பத்து வருஷத்துக்கும் மேல் பழைய சிப்பில் பயாஸை மாற்றி எழுதி, புதுப் பெயரில் விற்கிறார்கள். உண்மையான டிரைவர் சிப்பைப் பார்த்து ‘இது அது இல்லை’ என்று மறுத்துவிடும், அதனால்தான் ஏறவில்லை. இன்னொரு அடையாளமும் உண்டு: உண்மையான 1050 டிஐ-யில் பழைய நீல விஜிஏ போர்ட் இருக்காது. உங்களுடையதில் இருக்கிறதா பாருங்கள். ஜிபியு-இசட் திரையைப் படம் எடுத்து, விற்ற தளத்தில் ‘பொருள் போலி’ என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து இன்றைக்கே புகார் போடுங்கள். ‘பிடிக்கவில்லை’ என்ற காரணத்தைப் போட்டால் பணத்துக்குப் பதில் வேறு பொருள் தருகிறேன் என்பார்கள். அட்டைப்பெட்டியையும் உள்ளே வந்த பிளாஸ்டிக் கவரையும் வீட்டில் யாரும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாமல் எடுத்து வையுங்கள், அவை இல்லாமல் திரும்ப எடுக்க வருகிறவர் வாங்கமாட்டார்.